வெற்றிடத்தில் பூச்சியம்

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள். ஆண்டின் முதல் நாள். பன்விலப் பக்கம் அப்படி என்ன அதிசயம் என்று யாரும் வியக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைச் சேர்க்கக் கூட்டிப் போனால், பெரிய வாத்தியார் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடமாட்டார். விட்டால் கல்விக் கந்தோரிலிருந்து பதிவேடு திரும்பி வரும். ஆகவே ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். நான் பிறந்தது ஆடி மாதத்தில், லயத்து வரிசைவீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பகலில் என்று அம்மா சொல்வாள், தோட்டப் பதிவேட்டிலும் அப்படித்தான். என் அடையாள அட்டை இன்றைக்கும் ஜனவரி ஒன்று என்றுதான் சொல்கிறது.

இதில் எனக்கு அப்போது வருத்தம் இருந்ததில்லை. வெறுமையாக விட்டால் கேள்வி வரும், எதையாவது எழுதினால் காரியம் நடக்கும். ஆஸ்பத்திரித் துண்டு, தோட்டக் கந்தோரில் நிரப்பிக் கொடுக்கிற போம், தபால் கந்தோர் எல்லாவற்றிலும் நாங்கள் அப்படித்தான். இரண்டு கடதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரு மனிதரை நான் அந்த மலையில் கண்டதில்லை. கண்டியில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

யுத்தத்தின் பிற்பகுதி அது. கண்டி நகரத்தில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஐந்து கணினிகள் உள்ள ஓர் அறையில் எனக்கு வேலை. நாங்கள் செய்தது ஒரு சார்ட் லைப்ரரி. வேறு ஊர்களில் மென்பொருள் எழுதுபவர்கள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் எண்களைக் கொடுத்தால் எங்கள் சரக்கு அதைக் கோடாகவோ கம்பமாகவோ வட்டமாகவோ வரைந்து கொடுக்கும். வரைகிற பகுதியை மற்றவர்கள் எழுதினார்கள். வருகிற எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வாசலில் நின்று பார்க்கிற பகுதி என்னுடையது.

அந்த வாசலில் நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஏழு நாட்களுக்கு ஆறு எண்கள்தான் வந்தனவா, ஏழாவதாக ஒரு பூச்சியத்தை நானே போட்டுவிடுவேன். அளவின் உச்சியை அடியிலும் அடியை உச்சியிலும் கொடுத்துவிட்டார்களா, சத்தமில்லாமல் மாற்றி வைப்பேன். இல்லாத ஒரு நிறத்தின் பெயரை எழுதினால் கறுப்பில் வரையச் செய்வேன். மற்றவர்களின் பகுதிகள் நாளுக்கு நாலு தரம் பிழை பிழை என்று கத்தும். என்னுடையது வாயைத் திறக்காது. நல்ல பிள்ளை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையை மேற்பார்த்தவர் மடவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நாங்கள் எல்லோரும் அவரை, முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்போம். என்னை அவர் தங்கச்சி என்பார். அவர்தான் ஒருநாள், செய்த வேலையைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு பெண்ணை எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட மூன்று நாலு வயது இளையவள். பேராதனையில் படித்து முடித்துவிட்டு, ஊருக்குப் போகிற பாதை மூடிக் கிடந்ததால் கண்டியிலேயே நின்றுவிட்டவள். தங்க இடம் இல்லையென்றாள். அஸ்கிரியப் பக்கம் நான் இருந்த வீட்டிலேயே, என் அறையிலேயே இரண்டாவது கட்டில் போட்டோம்.

அவளுடைய வேலை, வேண்டுமென்றே பிழையாகக் கொடுப்பது. எண் கேட்கிற இடத்தில் எழுத்தைக் கொடுப்பாள். திகதி கேட்கிற இடத்தில் பெப்ரவரி முப்பதைக் கொடுப்பாள். ஒன்றுமே கொடுக்காமல் விடுவாள். என்ன நடந்தது என்று மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கிழித்து எழுதிவைப்பாள். கொடுத்தது, எதிர்பார்த்தது, வந்தது என்று மூன்று கட்டம். நாலாவது கட்டம், திருத்தியவர் கையெழுத்து வைக்க. முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு. முதல் வாரமே என் பகுதிக்கு இரண்டு பக்கம் நிரப்பிவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்டுமே குடுக்கேல்லை. உங்கட ஆள் பூச்சியம் எண்டு கீறுறான்" என்றாள்.

"அது நின்னுடாம ஓடணும்ல? அதுக்குத்தான்."

"ஓடுறது சரி. இல்லாததுக்கும் பூச்சியத்துக்கும் வித்தியாசம் இருக்கெல்லோ. பிழையைப் பிழை எண்டு சொல்லுறதில என்ன கூச்சம்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓர் அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பேசிவிட்டோம். பூச்சியத்தை மட்டும் நான் மாற்றவில்லை.

அந்த வாரத்தில்தான் பொலிஸுக்குக் கொடுக்கிற போம், ஆட்பதிவுப் படிவம், வந்தது. வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு விதவை. அவரும் யாழ்ப்பாணத்தவர்தான், கண்டிக்கு வந்து முப்பது வருடமாகிறது. அன்ரி என்று கூப்பிடுவோம். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது.

"பிள்ளை, இந்தப் போமை ஒருக்கா நிரப்பித் தாரும். கிராம சேவகர் வாசல்ல நிக்கிறார்" என்றார்.

அன்ரியின் பெயர், முன் அறையில் இருந்த இரண்டு ஆசிரியைகளின் பெயர், பிறகு நான்காவது வரியில் அவள் பெயர், ஐந்தாவதில் என் பெயர். அவள் அந்நேரம் ஏதோ சான்றிதழ் எடுக்கப் பேராதனைக்குப் போயிருந்தாள். நிரந்தர முகவரி என்ற கட்டம் வந்தபோது கை நின்றது. அவளுடைய வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்தால் அவளே வந்திருப்பாள். ஆனால் வாசலில் ஆள் நிற்கிறது. அதோடு, யாழ்ப்பாணம் என்று எழுதிய வீடுகளுக்கு யார் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பதும் எங்கள் வீடு இருந்த மேட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அந்தக் கட்டத்தில் எங்கள் தோட்டத்தின் பெயரையும் எங்கள் லயத்து இலக்கத்தையும் எழுதினேன். அடுத்த வரியில் எனக்கும் அதையே எழுதினேன். அன்ரி கையெழுத்து வைத்தார். போம் போய்விட்டது.

அவளுக்கு ஓர் உதவி செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவளிடம் சொல்ல மறந்துபோனேன். அவளுடைய அடையாள அட்டையை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வடக்கில் கொடுக்கிற அட்டை, சிங்களத்தோடு தமிழிலும் எழுதியிருக்கும், தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கலாம். ஆனாலும் அந்த அட்டையும் இந்தப் போமும் ஒரே மேசைக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து நானா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். எங்கள் லைப்ரரியை வாங்கிய ஒருவர் அதை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தார். நோயாளியின் நாடித்துடிப்பை நாள் நாளாக வரைந்து காட்ட. ஒருநாள் தாதி அளக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"தங்கச்சி, இங்க பாருங்க. இந்த மனுஷன் செவ்வாக்கெழம மௌத்தாப் போயி, புதங்கெழம எழும்பி ஈக்கான். என்ன இது?"

திரையில் எழுபத்திரண்டு, எழுபது, பிறகு நேரே அடிக்கு, பூச்சியத்துக்கு ஒரு கோடு, பிறகு மறுபடி எழுபத்தொன்று. இறந்தவன் எழும்பிய கதையை நானா சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் அவள் தன் கொப்பியைத் திறந்து, என் கையெழுத்து இல்லாமல் கிடந்த அந்தப் பழைய வரியை விரலால் காட்டினாள். 

பூச்சியம் போடுவதை எல்லா இடத்திலும் எடுத்துவிடும்படி நானா சொன்னார். பிழை வந்தால் நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் முதலில் "தரவு பிழை" என்ற பொருளில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதி எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டினேன். அவள் தலையில் கைவைத்தாள்.

"இதை வாசிச்சா எனக்கு என்ன விளங்கும் அக்கா? பிழை எண்டு மட்டும் சொன்னா பயமெல்லோ வரும். எங்க பிழை, என்ன பிழை, என்னத்தைத் தந்தா சரி? மூண்டையும் சொல்லுங்கோ. அப்பத்தான் ஆள் திருத்திப்போட்டுப் போகலாம்."

மூன்று கேள்விகளையும் ஒரு துண்டில் எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். அது வெள்ளிக்கிழமை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொலிஸ் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கை, அந்தச் சிறு தெரு, இரண்டு பக்கமும் அடைக்கப்பட்டு, ஒவ்வொரு வீடாக வந்தார்கள். கையில் நாங்கள் கொடுத்த போம்கள். முற்றத்தில் வரிசையாக நின்று அட்டைகளைக் கொடுத்தோம். பொலிஸ்காரர் அவளுடைய அட்டையை வாங்கினார், போமைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்:

"எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"இதில் பன்வில என்று இருக்கிறதே?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாதே. "நான் பன்விலைக்குப் போனதே இல்லை" என்று உண்மையைச் சொன்னாள். அந்த உண்மைதான் அவளைப் பொய்க்காரி ஆக்கியது. எழுதியது நான் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அவளைச் செருப்பு மாற்றக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். "அன்ரி, பயப்பிடாதேங்கோ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிக்கு அன்ரியும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். பொறுப்பதிகாரி நடுத்தர வயது, களைத்த முகம். போமை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, நான்காம் வரியில் பேனையை வைத்தார். இந்தப் பெண் ஊரை மறைத்திருக்கிறாள், ஏன் என்று தெளிவாக வேண்டும், புதன்கிழமைக்குள் தெளிவாகாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிவிடுவேன் என்றார். கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை மாதம் கழித்துத் திரும்பினார்கள், யார் யார் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

"இதை எழுதியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. "தெரியாது மாத்தயா. அவசரத்தில் யாரோ மாற்றி எழுதியிருக்கலாம்" என்றேன். வாயிலிருந்து அது தானாக வந்தது. வெறுமையாக விடக் கூடாதே, எதையாவது போட வேண்டுமே. அவர் "யாரோ" என்று குறித்துக்கொண்டார். அன்ரி பேசாமல் இருந்தார். போமில் கையெழுத்து அவருடையது, அவருக்கும் பயம்.

திரும்பி மேடு ஏறும்போது அன்ரி மூச்சு வாங்க நின்றார். "அந்தப் போமை நிரப்பத் தந்தது நான்தானே பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினார். பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போகாமல் நானும் பின்னால் ஏறினேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் குற்றம். என்னைத் துருவினால் என் அட்டையிலிருக்கும் பிறந்தநாளையும் தோட்டப் பதிவேட்டில் இருக்கிற ஆடி மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு பொய் எழுதியவள் எல்லாவற்றையும் பொய்யாகத்தான் எழுதியிருப்பாள் என்பார்கள். அந்த அட்டை போனால் பஸ்ஸில்கூட ஏற முடியாது. இவையெல்லாம் காரணங்கள்தான். எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இருந்தது ஒன்றே ஒன்று, எனக்குப் பயம். அன்றைக்கு ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. போகவும் எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

திங்கள் வேலைக்குப் போனேன். அவளுடைய கதிரை மேசைக்குள் தள்ளிக் கிடந்தது. எனக்கு இருந்த வேலையோ பிழைச் செய்திகள் எழுதுவது. "நான்காம் வரி: பெறுமதி இல்லை. ஓர் எண் தேவை."  திரையின் ஓரத்தில் அவள் ஒட்டிய துண்டு. எங்க பிழை, என்ன பிழை, என்னத்தைத் தந்தா சரி. மூன்றுக்கும் பதில் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். தெரிந்தும் அன்றைக்கும் வீட்டுக்குத்தான் போனேன். அவளுடைய கட்டிலில் மடித்து வைத்த போர்வை அப்படியே இருந்தது.

செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவே என்னால் முடியவில்லை. நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் பார்சலை மூடி வைத்தார்.

"பயமா ஈக்கா?"

"பயமா இருக்குங்க நானா."

"எனக்கும் பயம்தான். வாங்க, கேட் மட்டும் நான் வாறேன். உள்ளுக்கு நீங்கதான் பேசணும்."

சொன்னபடியே வாசல் வரை வந்து, வெயிலில் நின்றார். நான் உள்ளே போனேன். அதே அதிகாரி, அதே மேசை. கதிரையில் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்பி ஓடிவிடுவேன் என்று பட்டது.

"மாத்தயா, நான்காம் வரியில் நிரந்தர முகவரி பிழை. அதை எழுதியது நான். அவளுடைய வீட்டு முகவரி எனக்குத் தெரியாததால் என்னுடைய முகவரியை எழுதினேன். அவளுக்கு அது தெரியாது. சரியான முகவரி அவளுடைய அட்டையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உங்களிடம் சொன்னதும் பொய்."

ஐந்தாம் வரியைப் பார்த்தார். இரண்டு வரியிலும் ஒரே லயம், ஒரே இலக்கம். என் கையெழுத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லி ஒப்பிட்டார். என் அட்டையை வாங்கினார். பிறந்தநாளைப் பார்த்தார்.  அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் ஜனவரி ஒன்றுதானே" என்றார். பிறகு பேனையை மூடிக்கொண்டே கேட்டார், கோபமாகக்கூட இல்லை, சிங்களத்தில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு: "நங்கி, இதை நீ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் அவள் அன்று மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்பாளே. ஏன் சொல்லவில்லை?"

 இந்த முறை எதையும் போட்டு நிரப்ப என்னால் முடியவில்லை.

வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வைத்து, புதிய போம் ஒன்று நிரப்பி முடிய மாலை ஐந்து மணி ஆனது. புதிய போமில் தன் வரியை அவளையே எழுதச் சொன்னார்கள். முகவரியை முழுதாக, வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர் என்று ஆறுதலாக எழுதினாள். எழுத்து அதே முத்து எழுத்து. பாதத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த வீட்டுச் செருப்பு. வெளியில் நானா எங்களைக் கண்டதும் ஒரு முச்சக்கர வண்டியை மறித்தார். வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓம் அக்கா" என்றாள். ஆம் என்கிற அந்த ஓம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணிவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே வேலையை விட்டாள். கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போவதாகச் சொன்னாள். கட்டிலை அன்ரி எடுத்துவிட்டார். அறை பெரிதாகிவிட்டது. 

என் பகுதியின் திருத்தங்கள் முடிந்தபின், பழைய வரிகளுக்குக் கையெழுத்து வைக்க அவளுடைய கொப்பியை எடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு போனேன். பூச்சியம், நிறம், உச்சி அடி, பெப்ரவரி முப்பது, எல்லாம் திருத்தியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில், போவதற்கு முன் அவள் எழுதிய ஒரு வரி இருந்தது.

கொடுத்தது: என்னுடைய சரியான ஊர்.
எதிர்பார்த்தது: அன்றைக்கே வீட்டுக்கு.
வந்தது: மூன்று நாள்.

நாலாவது கட்டம், திருத்தியவர் கையெழுத்து வைக்க, வெறுமையாக இருந்தது. பேனையைத் திறந்தேன், மூடினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.